மருந்துக்குப் பிறகு பதினைந்து நிமிடம்

நுரையீரல் பரிசோதனை அறையில் எங்கள் வேலை காலையில் ஒரு பெரிய சிரிஞ்சோடு தொடங்கும். சரியாக 3 லிட்டர் காற்று பிடிக்கும் சிரிஞ்ச். ஸ்பைரோமீட்டரின் வாயில் அதைச் செருகி ஒருமுறை வேகமாக, ஒருமுறை நிதானமாக, ஒருமுறை மிக மெதுவாகத் தள்ளுவோம். எப்படித் தள்ளினாலும் எந்திரம் 3 லிட்டர் என்றே காட்ட வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் பிசகினால் அதைச் சரிசெய்யும்வரை யாரையும் ஊதச் சொல்ல மாட்டோம். முதலில் எந்திரத்துக்குப் பரிசோதனை, பிறகுதான் பிள்ளைகளுக்கு.

மதுரையில் குழந்தைகள் நெஞ்சக நோய்ப் பிரிவில் டெக்னீசியனாக இருக்கிறேன். இந்த வேலையில்தான் தலை நரைத்தது. மேலூர், உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். செல்லூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், போடியில் இலவம்பஞ்சு அடிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள், பெரிய ஃபிளாட்டில் ஏசி அறையில் வளரும் பிள்ளைகள் எல்லாரும் அதே குழாயில்தான் ஊதுவார்கள். நோய்க்குப் பெயர் வைப்பதும் மருந்து எழுதுவதும் டாக்டர் வேலை. பிள்ளையை ஒழுங்காக ஊத வைப்பது என் வேலை. அதற்கிடையே குடும்பத்தாரின் பேச்சைக் கேட்பதும் என் பங்காகிவிட்டது.

ஊத வைப்பது சாதாரண வேலை இல்லை. பரிசோதனைக்கு முன் உயரம் அளக்க வேண்டும். செருப்பைக் கழற்றி, கொண்டையை அவிழ்த்து, மல்லிகைச் சரத்தை எடுத்து அம்மா கையில் கொடுத்துவிட்டு, குதிகால் சுவரில் படும்படி நிறுத்தி அளப்பேன். "கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானே மேடம்" என்று சில அம்மாக்கள் பிள்ளையின் முகவாயைத் தூக்கிவிடுவார்கள். நல்லதில்லை. உயரத்தை வைத்துத்தான் அந்தப் பிள்ளை எவ்வளவு ஊத வேண்டும் என்று எந்திரம் கணக்குப் போடுகிறது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட்டிப் போட்டால் நல்ல நுரையீரலும் நோஞ்சான் என்று வரும். இந்தக் கணக்குக்கு வழி காட்டியவர் ஜான் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர். லண்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊத வைத்து, மூச்சின் கொள்ளளவு ஆளின் உயரத்தோடு ஒரே சீராகக் கூடுகிறது என்று 1846இல் காட்டினார். ஆயுள் காப்பீட்டுக்காரர்களுக்கும் இது உதவும் என்று அவர் நினைத்தார். இன்றைக்கு இந்தக் கணக்கு எனக்கு உதவுகிறது.

ஐந்தாறு வயதுக்கு மேல்தான் பெரும்பாலும் ஒழுங்காக ஊத வரும். மூக்கில் கிளிப் மாட்டி, உதடு மூடி, வயிறு நிறைய இழுத்து, ஒரே மூச்சில் வெடித்தாற்போல் விட்டு, காற்று தீரும்வரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் வரிசையாக மெழுகுவர்த்திகள் எரியும், அணைப்பது விளையாட்டு. "இழு, இழு, இழு... ஊது! ஊது ஊது ஊது, விடாதே, இன்னும் இன்னும் இன்னும்!" என்று நான் கத்துவது வராண்டா வரைக்கும் கேட்கும். மூன்று நல்ல ஊதல் கிடைத்தாக வேண்டும். அதில் முதல் நொடியில் வெளியே வந்த காற்று எவ்வளவு என்பதுதான் எங்களுக்கு முக்கியம். எஃப்இவி-1 என்போம். குழாய்கள் திறந்திருந்தால் பெரும்பங்கு காற்று அந்த ஒரு நொடியிலேயே வெளியே வந்துவிடும். ஆஸ்துமாவில் குழாய் சுருங்கியிருப்பதால் அது தாமதிக்கும். திரையில் வளைவு குழி விழுந்து இறங்கும்.

அதன் பிறகு ஸ்பேசர் வைத்துச் சால்பியூட்டமால் நான்கு பஃப் கொடுப்போம். பதினைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு மறுபடியும் ஊத வைப்போம். முதல் நொடி அளவு 12 சதவீதமோ அதற்கு மேலோ ஏறினால், குழாய் சுருங்கி விரிகிற தன்மை உள்ளது என்று தெரியும். நெடுங்காலம் இருந்த விதி அது. இப்போது கணக்கிடும் முறையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். பதினைந்து நிமிடக் காத்திருப்பு மட்டும் மாறவில்லை. குடும்ப வரலாற்றுப் படிவத்தை நிரப்புவது அந்த நேரத்தில்தான். அங்கேதான் சண்டையும் தொடங்கும்.

படிவத்தில் ஒரே ஒரு வரி: குடும்பத்தில் யாருக்கேனும் ஆஸ்துமா, அலர்ஜி உண்டா? இதை அப்படியே வாசித்தால் "இல்லை" என்றுதான் பதில் வரும். வீசிங் உண்டு, இளைப்பு உண்டு, பனி ஒத்துக்காது, நெஞ்சுச்சளி உண்டு, சின்ன வயதில் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்று ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டது உண்டு. ஆனால் ஆஸ்துமா இல்லை! அதனால் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்பதை நான் விட்டுவிட்டேன். மார்கழிப் பனியில் ராத்திரி எழுந்து உட்காருகிறவர் யார்? மிளகாய் வறுத்தால் வீட்டைவிட்டு ஓடுகிறவர் யார்? பழைய பரணை ஒதுக்கினால் அடுக்குத் தும்மல் போடுகிறவர் யார்? சின்ன வயதில் கரப்பான் வந்து முழங்கை மடிப்பைச் சொறிந்தவர் யார்? இளைப்புக்கென்று ஹைதராபாத் மீன் மருந்துக்கு ரயிலேறியவர் யார்? இப்படிக் கேட்டால் சித்தப்பா, சின்னம்மா, அத்தை, தாய்மாமன் என்று ஒவ்வொருவராகப் படிவத்துக்குள் வந்து உட்காருவார்கள்.

கரப்பானை நான் விடாமல் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஃபிலாகிரின் என்ற புரதம் தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கிறது. அந்த ஜீனில் பழுது இருந்தால் தோல் வறண்டு, வெளிப்பொருள்கள் உள்ளே நுழைய இடம் கிடைக்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டியில் இருந்த குழுவினர் 2006இல் இதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பழுது உள்ளவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு கூடுகிறது. கரப்பானோடு சேர்ந்து ஆஸ்துமா வரும் வாய்ப்பும் கூடுகிறது. நுரையீரல் நோய்க்கான காரணம் தோலில் ஒளிந்திருந்தது. ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் இரண்டு மாற்றங்கள் ஆசியரிடம் அரிது. நமக்கு வேறு வேறு மாற்றங்கள். அங்கே எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு இங்கே ரத்தம் எடுத்தால் பாதி விஷயம் தவறிப்போகும்.

படிவத்தை நிரப்பும்போது அதிகம் காயப்படுகிறவள் பிள்ளையின் தாய். "எங்க வம்சத்துலயே யாருக்கும் கிடையாதும்மா. எல்லாம் இவ பக்கத்துல இருந்து வந்தது" என்று அப்பத்தா சொல்வார். மருமகள் தரையைப் பார்ப்பாள். அவளுடைய அம்மாவும் கூட வந்திருந்தால் பேச்சு தடிக்கும். "ஏன் சம்பந்தி, மாப்பிள்ளை காலையில அடுக்கடுக்கா தும்முறாரே, அது எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சாம்?" பிள்ளையோ மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு மெழுகுவர்த்தியை அணைக்கும் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கும்.

யார் வழி என்று கேட்பதில் தவறில்லை. பெற்றோரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடும். இருவருக்கும் இருந்தால் இன்னும் கூடும். சுவீடனில் இரட்டைக் குழந்தைகளைக் கொண்டு 2016இல் செய்த ஆய்வு ஒன்று, குழந்தைப் பருவ ஆஸ்துமாவில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 82 சதவீதத்தைப் பரம்பரைக் கணக்கில் எழுதியது. இந்த எண்ணைக் கேட்டதும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு பிள்ளையின் நோயில் 82 பங்கு ரத்தம், 18 பங்கு தூசி என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரே நாட்டில் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சூழலில் வளரும் பிள்ளைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. சூழல் மாறினால் கணக்கும் மாறும்.

வியாழக்கிழமை மதியங்களில் எங்கள் பிரிவில் டாக்டர்கள் ஆய்வுக் கட்டுரை வாசிப்பார்கள். கடைசி வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி உண்டு. 17ஆம் குரோமோசோமைப் பற்றி அங்கேதான் முதலில் கேட்டேன். 2007இல் லண்டனை மையமாகக் கொண்ட குழு, ஆஸ்துமா உள்ள 994 பிள்ளைகளையும் இல்லாத 1,243 பேரையும் ஒப்பிட்டு, 17ஆம் குரோமோசோமில் ஓரிடத்தைச் சுட்டியது. ஓஆர்எம்டிஎல்-3 என்ற ஜீன் இருக்கும் பகுதி. மூன்று வருடம் கழித்து பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் மேலும் பல இடங்கள் தெரியவந்தன. அதில் எனக்கு மனதில் நின்றது ஒன்று. 17ஆம் குரோமோசோமின் அந்த இடம் குழந்தைப் பருவத்தில் தொடங்கும் ஆஸ்துமாவோடுதான் சேர்ந்து வருகிறது. பெரியவர்களாகி வருகிற ஆஸ்துமாவோடு சேரவில்லை. ஒரே பெயரில் அழைக்கிறோம், ஆனால் ஏழு வயதில் வருவதும் நாற்பதில் வருவதும் பாதி வேறு நோய்கள்.

அந்த இடத்தில் மாற்றம் இருந்தால் ஆஸ்துமா வந்தே தீருமா என்றால், இல்லை. ஆஸ்துமாவே இல்லாத ஏராளமானவர்களிடமும் அது இருக்கிறது. வாய்ப்பைச் சற்றுக் கூட்டும், அவ்வளவுதான். நுரையீரல் அளவை எடுத்துக்கொண்டால் கதை இன்னும் விரிகிறது. ஐந்து லட்சத்து எண்பதாயிரம் பேரின் மூச்சளவையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு ஆய்வு, அந்த அளவோடு தொடர்புள்ள 1,020 குறிகளைப் பட்டியலிட்டது. மதுரைப் பக்கத்து மொய் நோட்டைப் புரட்டியவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். கல்யாணச் செலவை யாரோ ஒருவர் கொடுத்துவிடுவதில்லை. நூறு, இருநூறு, ஐநூறு என்று ஆளாளுக்கு எழுதியதில் ஒரு தொகை சேர்கிறது. பெண் வீட்டுப் பக்கமும் உண்டு, மாப்பிள்ளை வீட்டுப் பக்கமும் உண்டு. இதில் தனி ஒருவரைக் கைகாட்ட முடியாது.

பரம்பரை என்றால் என்ன என்று ஓர் ஊரே நிரூபித்த இடமும் உண்டு. தெற்கு அட்லாண்டிக்கில் டிரிஸ்டன் டா குன்யா என்ற தீவு. முந்நூறு பேருக்கும் குறைவான மக்கள். எல்லாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய சிலரின் வழித்தோன்றல்கள். அப்படிக் குடியேறியவர்களிலேயே ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்திருக்கிறார்கள். 1961இல் எரிமலை வெடித்து மக்களை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனபோதுதான் இவர்களில் இத்தனை பேருக்கு இளைப்பா என்று மருத்துவர்கள் திகைத்தார்கள். 1990களில் டொரன்டோவிலிருந்து போன நோவே ஸமெல் குழு, ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயோ அதன் அறிகுறியோ இருப்பதைக் கண்டது. தொழிற்சாலை கிடையாது, கடற்காற்று மட்டும்தான். அங்கேயும் எல்லாவற்றையும் விளக்கிவிடுகிற ஒற்றை ஜீன் அகப்படவில்லை. 11ஆம் குரோமோசோமில் சிலவற்றைச் சந்தேகித்தார்கள், அதோடு சரி.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் மக்கள். இரு கூட்டத்தாரும் ஐரோப்பாவிலிருந்து போன விவசாயிகள், மரபில் நெருங்கியவர்கள். ஆமிஷ் வீட்டுக்குப் பக்கத்திலேயே தொழுவம், குதிரை ஏர். ஹட்டரைட்டுகளுக்குத் தூரத்தில் பெரிய எந்திரப் பண்ணை. ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா. ஹட்டரைட் பிள்ளைகளில் 21 சதவீதம். 2016இல் வந்த கட்டுரையில் ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டபோது ஆஸ்துமா போன்ற அழற்சி அடங்கியது. ஹட்டரைட் தூசி அப்படிச் செய்யவில்லை. இதைக் கேட்டுவிட்டு, மாடு கட்டினால் போதும் போலிருக்கிறது என்று நான் சிரித்தேன். ஏற்கெனவே இளைப்பு வந்த பிள்ளையைத் தொழுவத்துக்கு அனுப்பிவிடாதே என்று டாக்டர் எச்சரித்தார். பிறந்தது முதல் கிடைக்கும் பழக்கம் வேறு, நோய் வந்தபின் கிடைக்கும் தூசி வேறு.

இந்த ஆய்வுகளில் எனக்குத் தினப்படி உதவுவது 17ஆம் குரோமோசோமின் மறுபாதிக் கதைதான். 2008இல் பிரான்ஸ் நாட்டுக் குடும்பங்களில் பார்த்தபோது, அந்த இடத்து மாற்றமும் சின்ன வயதில் வீட்டுக்குள் புகையிலைப் புகையும் சேர்ந்த பிள்ளைகளிடம் விளைவு கூடுதலாகத் தெரிந்தது. 2013இல் இன்னொரு குழு, அதே மாற்றம் உள்ள பிள்ளைகளுக்கு முதல் மூன்று வயதுக்குள் ரைனோ வைரஸ் சளியோடு வீசிங் வந்தால் பின்னாளில் ஆஸ்துமா தங்கும் வாய்ப்பு கூடுவதாகச் சொன்னது. தானே நோயைக் கொண்டுவருகிற ஜீன் என்பதைவிட, புகையும் சளியும் சேரும்போது வேலையைக் காட்டுகிற ஜீன் என்பது பொருத்தம். அப்பாமார்களிடம் நான் இதை இப்படித்தான் சொல்கிறேன்: "உங்க ரத்தத்துல என்ன இருக்குன்னு மாத்த முடியாதுங்க. சட்டைப் பையில இருக்கறதை மாத்தலாம்ல?" "வெளியில நின்னுதான் குடிக்கிறேன் மேடம்" என்பார்கள். சட்டையோடும் மீசையோடும் அந்தப் புகை உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுகிறது என்பேன்.

ஒருமுறை, வம்சத்தில் யாருக்கும் இல்லை என்று அடித்துச் சொன்ன ஓர் அப்பத்தா, பேரன் ஊதுவதைப் பார்த்துவிட்டு "நானும் ஊதிப் பாக்கட்டுமா?" என்றார். டாக்டரிடம் கேட்டு ஊத வைத்தோம். வர வேண்டிய அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் வந்தது. மருந்து கொடுத்தும் பெரிதாக ஏறவில்லை. மருமகள் முகத்தில் ஒரு வெளிச்சம். உடனே அதற்கும் அணை போட வேண்டியதாயிற்று. நாற்பது வருடம் விறகடுப்பில் ஊதுகுழலோடு உட்கார்ந்தவர் அவர். அந்த அளவு எத்தனை பங்கு பிறப்பில் வந்தது, எத்தனை பங்கு அடுப்பில் வந்தது என்று என் எந்திரத்தால் பிரிக்க முடியாது. அப்பத்தாவுக்கு வைத்தியம் தேவை என்பது மட்டும் உறுதி. அன்றைக்குச் சண்டை நின்றது. அவருக்கும் ஒரு ஓ.பி. சீட்டுப் போட்டோம்.

அந்த "வர வேண்டிய அளவு" என்பதிலேயே ஒரு வம்பு இருக்கிறது. வயது, பால், உயரம் போட்ட பிறகு எந்திரம் இனம் என்ன என்று கேட்கும். 74,000க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் தொகுத்து 2012இல் உலகுக்கெல்லாம் ஒரு வாய்பாடு போட்டார்கள். மூன்று வயது முதல் 95 வயது வரைக்கும் செல்லும். அதில் வெள்ளையர், ஆப்பிரிக்க அமெரிக்கர், வடகிழக்கு ஆசியர், தென்கிழக்கு ஆசியர் என்று பிரிவுகள். மீதிப் பேர் "பிறர்". இந்தியத் துணைக்கண்டத்துக்கென்று தனிப் பிரிவு கிடையாது. உசிலம்பட்டிப் பிள்ளையை நான் "பிறர்" என்று அமுக்குவேன். வெள்ளையர் என்று அமுக்கினால் நல்ல பிள்ளைக்கும் குறை காட்டும். சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் ஏழு முதல் பத்தொன்பது வயது வரையிலான தென்னிந்தியப் பிள்ளைகளை அளந்து 2000இல் தனி வாய்பாடு தந்தார்கள். எங்கள் பழைய எந்திரத்தில் கையால் கணக்குப் போட்டுப் பார்க்க அது பெரிய உதவி.

இந்தியப் பிள்ளைகளின் அளவு ஏன் குறைவு? பிறவியிலேயே மார்புக் கூடு சிறியதா, தாயின் வயிற்றிலிருந்தே சத்துக் குறைவா? இரண்டும் கலந்தது என்றே எனக்குப் படுகிறது. லண்டனில் வளரும் இந்திய வம்சாவளிப் பிள்ளைகளுக்கும் வெள்ளைப் பிள்ளைகளைவிட அளவு குறைவாகவே இருந்தது. இந்திய நகரத்துப் பிள்ளைகளின் அளவு அந்த லண்டன் பிள்ளைகளின் அளவை ஒத்திருந்தது. ஆனால் இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அதைவிடவும் குறைந்தது. நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரே மரபு என்றால், அந்த இடைவெளியை ஜீன் மேல் போட முடியாது. "உங்க ஆளுங்களுக்கு நுரையீரலே சின்னது" என்று சொல்லிவிட்டால் சத்தில்லாத சாப்பாடும் அடுப்புப் புகையும் விசாரணையிலிருந்து தப்பித்துவிடும். இப்போது இனப்பிரிவே இல்லாத பொது வாய்பாடு வந்துவிட்டது. அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கத்தினர் 2023 முதல் அதையே பரிந்துரைக்கிறார்கள். எந்த வாய்பாடானாலும் ஒரே பிள்ளையை ஒரே வாய்பாட்டில் வருடா வருடம் அளப்பதுதான் முக்கியம் என்பது என் அனுபவம்.

"சொந்தத்துல கட்டினதாலயா மேடம்?" இதுவும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வரும் கேள்வி. நாட்டிலேயே சொந்தத் திருமணம் மிகுதியாக உள்ள மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ஆஸ்துமா பல ஜீன்களின் கூட்டு வேலை என்பதால் சொந்தத் திருமணத்தை நேராகக் குற்றம் சாட்ட மாட்டேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் "ஆமாம்" என்று வந்தால் என் கை கொஞ்சம் நின்று எழுதும். ஆஸ்துமா வேஷம் போட்டு வருகிற வேறு சில நோய்கள் உண்டு. அவற்றுக்கு ஒற்றை ஜீன் போதும்; அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து அதே ஜீனில் ஒரு பழுது சேர்ந்தால் நோய். ஒரே தாத்தாவின் வழி வந்தவர்கள் மணந்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடும். இருவரிடமும் அந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு.

அப்படி ஒரு பையன் வந்தான். எட்டு வயது. அவன் அம்மா, அப்பாவுக்கு அக்கா மகள். பல வருடம் வீசிங் என்று பம்ப் அடித்தும் கேட்காத இருமல். நான் கேட்ட கேள்விகளுக்கு அம்மா சொன்ன பதில்கள் ஒவ்வொன்றும் ஆஸ்துமாவை விட்டு விலகிப் போயின. இருமல் பிறந்த வாரத்திலிருந்தே, ஒரு நாள் கூட விட்டதில்லை, எப்போதும் சளியோடு, காதில் சீழ், பிறந்ததும் மூச்சுத்திணறலுக்காகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மருந்துக்குப் பிறகும் வளைவு அசையவில்லை. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை இடப்பக்கம் வைத்துவிட்டு வலப்பக்கம் மாற்றினார். இதயம் வலப்பக்கம் துடித்தது. குழாய்களின் உள்சுவரில் சளியைத் தள்ளும் நுண்மயிர்கள் அசையாத பிறவிக் கோளாறு அது. அதே வகை நுண்மயிர்கள்தான் கருவில் உறுப்புகளுக்கு இடம் வலமும் சொல்கின்றன. அதனால் இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயமும் கல்லீரலும் பக்கம் மாறியிருக்கும். 1976இல் ஸ்டாக்ஹோமில் அஃப்சீலியஸ் என்பவர்தான் நுண்மயிர்க் கோளாறே காரணம் என்று காட்டினார்.

இன்னொன்று, "பிள்ளைக்கு முத்தம் குடுத்தா உப்புக் கரிக்குது" என்று தாய்மார்கள் சொல்கிற நோய். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். இந்தியாவில் இது கிடையாது என்றே ஒரு காலத்தில் நினைத்தார்கள். வியர்வையில் குளோரைடு 60க்கு மேல் இருந்தால் சந்தேகம் வலுக்கும். 7ஆம் குரோமோசோமில் உள்ள அதன் ஜீனை 1989இல் கண்டுபிடித்தார்கள். இந்த இரண்டிலும் ஜீன் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு. அடுத்த பிரசவத்துக்கு முன் ஆலோசனைக்கும் அர்த்தம் உண்டு. சாதாரண ஆஸ்துமாவுக்கு அப்படி இல்லை. பணம் கட்டி எச்சிலை அனுப்பி வாங்கிய நாற்பது பக்க ரிப்போர்ட்டைச் சிலர் நீட்டுவார்கள். "ஆஸ்துமா அபாயம்: சராசரிக்கு மேல்" என்று சிவப்பில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு நோயைத் தீர்மானிக்கவோ மருந்தை மாற்றவோ வழியில்லை. அந்தப் பணத்தில் ஒரு நல்ல ஸ்பேசரும் ஒரு வருடத்து இன்ஹேலரும் வாங்கியிருக்கலாம்.

அப்படியென்றால் பரம்பரையைக் கேட்டு என்ன பயன்? எங்கள் டாக்டர் இதற்கு டூசான் ஆய்வைக் காட்டுவார். அமெரிக்காவின் அரிசோனாவில் 1980 முதல் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். ஆறு வயதுக்குள் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது வீசிங் வந்தது. மூன்று வயதுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு வயதில் அது மறைந்துவிட்டது; அவர்களுக்குச் சளி பிடிக்கும் முன்பே, பிறந்த சில மாதங்களிலேயே மூச்சளவு குறைவு, குழாய் சிறியது. மறையாமல் நின்றவர்களிடம் தாய்க்கு ஆஸ்துமா இருப்பது கூடுதலாகத் தெரிந்தது. இரண்டு வயதுப் பிள்ளையை ஊத வைக்க என்னால் முடியாது. அந்த வயதில் எது போகும், எது நிற்கும் என்று யோசிக்க டாக்டரிடம் உள்ள கருவிகளில் குடும்ப வரலாறும் கரப்பானும் முக்கியமானவை. படிவத்தில் "இல்லை" என்று பொய் எழுதினால் நஷ்டம் சம்பந்திக்கு இல்லை, பிள்ளைக்குத்தான்.

மறைப்பதற்குப் பெரிய காரணம் கல்யாணம். சின்ன வயதில் பையன்களுக்குத்தான் ஆஸ்துமா அதிகம். வயதுக்கு வந்த பிறகு பெண்கள் பக்கம் கூடுகிறது. ஜாதகம் எடுக்கும் சமயம் பார்த்து அதுவும் வந்து நிற்கும். சின்ன வயதிலிருந்து எங்களிடம் ஊதிய பெண் ஒருத்தி. அவள் அம்மா என்னைத் தனியாக அழைத்து, "ரிப்போர்ட்ல ஆஸ்துமான்னு போடாதீங்க. வர்ற தையில பாக்க ஆரம்பிக்கிறோம்" என்றார். நான் அச்சடிப்பது எண்ணும் வளைவும்தான், நோயின் பெயர் அதில் வராது என்றேன். பிறகு அவளுடைய பழைய ரிப்போர்ட்டுகளை மேசையில் வரிசையாகப் பரப்பினேன். தினமும் இன்ஹேலர் எடுத்த வருடங்களில் அளவு உயரத்தோடு சேர்ந்து ஏறியிருந்தது. கடைசி இரண்டும் இறங்கியிருந்தன. "பார்க்க வர்றவங்க கண்ணுல படக் கூடாதுன்னு நிறுத்திட்டோம்" என்றார் அம்மா. நுரையீரல் இருபதுகளின் தொடக்கம் வரை வளர்கிறது. அந்த உச்சத்தைத் தொடாமல் நின்றவர்களுக்குப் பின்னாளில் மூச்சு சீக்கிரமே போதாமல் போகும் வாய்ப்பு கூடும். அமெரிக்காவில் ஆஸ்துமாப் பிள்ளைகள் 684 பேரைப் பல வருடம் அளந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, நான்கில் மூன்று பேருக்கு வளர்ச்சி குறைவோ தேய்மானம் முந்தலோ இருந்ததாகச் சொன்னது. முதலிலேயே அளவு குறைவாக இருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். மறைத்துவைத்த இன்ஹேலர் வரன் பார்ப்பவர்களை ஏமாற்றலாம், வளைவை ஏமாற்றாது. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "நான் எடுத்துக்கறேன் ஆன்ட்டி, அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க" என்றாள்.

இப்போதெல்லாம் படிவத்தின் பின்பக்கத்தில் நானே ஒரு சின்ன வம்சக் கிளை வரைந்துவிடுகிறேன். அதில் அப்பா பக்கம், அம்மா பக்கம் என்று தலைப்புப் போடுவதில்லை. அடுத்து யாரை அளக்க வேண்டும் என்று மட்டும் வட்டம் போடுவேன்: ராத்திரி இருமுகிற தங்கை, கரப்பான் வந்த கைப்பிள்ளை, விளையாட்டு வகுப்பில் உட்கார்ந்துவிடும் பெரியப்பா மகன். பதினைந்து நிமிடம் முடிந்து பிள்ளை மறுபடி ஊதி, வளைவு ஏறியதும், "சரி மேடம், யார் வழிதான் இது?" என்று கடைசியாக ஒருமுறை கேட்பார்கள். "ரெண்டு வழியும்தான். பீடியை நிப்பாட்டுங்க, பம்பை நிப்பாட்டாதீங்க, அடுத்த தடவை வரும்போது தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவேன்.